15 வருடம், ஒரே வெள்ளை: பெரிய மலைச் சறுக்குப் படங்கள் அலுத்துவிட்டனவா?

போன குளிர்காலத்தில் ஒரு இரவு, புதிதாக வந்தது என்று நினைத்து ஒரு பனிச்சறுக்குப் படத்தைப் போட்டேன். ஹெலிகாப்டரின் நிழல் பனிமேல் ஓடியது. முகட்டில் நின்ற ஒருவர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். ரேடியோவில் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்றது ஒரு குரல். இருபது நிமிடம் ஆன பிறகுதான் அந்த ஆரஞ்சு ஜாக்கெட் எங்கேயோ இடித்தது. அதே படத்தை முந்தின வருடமே பார்த்திருந்தேன். அதுவும் இரண்டு தடவை.

என் ஞாபகசக்தியைக் குறை சொல்லலாம். ஆனால் ஒரு துப்பறியும் படத்தையோ ஒரு கால்பந்து ஆட்டத்தையோ இருபது நிமிடம் அடையாளம் தெரியாமல் பார்த்திருக்க மாட்டேன். எது எதையோ மறக்காத நான் இதை மட்டும் மறந்தேன் என்றால், பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லையா என்ற கேள்வி வந்தது.

இந்த வகைக்கு ‘பிக் மவுண்டன்’ என்று பெயர். இயந்திரத்தால் சீர்செய்த தடங்கள் கிடையாது. மலை எப்படிக் கிடக்கிறதோ அப்படியே, செங்குத்தான மலைமுகங்களில் மேலிருந்து கீழே சறுக்கி இறங்குவது. 15 வருடமாகப் பார்க்கிறேன். இலையுதிர் காலத்தில் புதுப் படங்கள் வெளியாகத் தொடங்கும், முதல் பனி விழுவதற்குள் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுவேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அப்படி ஒரு சரிவில் நான் இறங்கியதில்லை, இறங்கப் போவதுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற ஆளின் அனுபவம்தான் இது.

வருடத்துக்கு ஒரு படம் என்ற பழக்கமே பழையதுதான். பனிச்சறுக்குப் பட இயக்குநர் வாரன் மில்லர் 1950 முதல் அப்படித்தான் எடுத்தார். தொடக்க காலத்தில் படச்சுருளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், மேடையோரம் நின்று தானே கதை சொல்வார். அப்புறம் 1988இல் கிரெக் ஸ்டம்ப் எடுத்த ‘தி பிளிசர்ட் ஆஃப் ஆஹ்ஸ்’ வந்தது. அதை நான் மிகவும் தாமதமாகத்தான் பார்த்தேன். படம் கரகரவென்று இருக்கிறது, இன்றைய கைபேசிப் படமே அதைவிடத் தெளிவு. ஆனால் கோழிக்கொண்டை முடியோடு பிரான்சின் ஷாமொனியில் சுற்றும் சறுக்கு வீரர் கிளென் பிளேக்கை ஒரு தடவை பார்த்தால் போதும், மறக்காது. ஆள் யார், எப்படிப் பேசுவார், எதற்குச் சிரிப்பார் என்பதெல்லாம் அதில் இருந்தது. இன்றைய படங்களில் தலைக்கவசம், கண்ணாடி, முகத்துணி எல்லாம் போட்ட பிறகு ஜாக்கெட் நிறம்தான் மிச்சம்.

சரி, ஏன் எல்லாம் ஒரே மாதிரி ஆனது? முதல் காரணம் அலாஸ்கா. 1991இல் வால்டீஸில் நடந்த உலக எக்ஸ்ட்ரீம் ஸ்கீயிங் போட்டியில் டக் கூம்ப்ஸ் ஜெயித்தார். அதற்குப் பிறகு கேமராக்கள் வடக்குப் பக்கமாகவே திரும்பி நின்றுவிட்டன. அதில் தப்பும் இல்லை. அங்குள்ள சுகாச் மலைகள் கடலை ஒட்டியவை. ஈரம் கலந்த பனி, 50 டிகிரி சரிவிலும் அப்பியது போல் ஒட்டிக்கொள்ளும். உள்நாட்டு மலைகளில் விழும் உலர்ந்த பொடிப்பனி அவ்வளவு செங்குத்தில் தங்காது, உதிர்ந்து பாறை தெரிந்துவிடும். ஒட்டிக்கொண்ட பனியை மேலிருந்து உதிர்வதும் காற்றும் சேர்ந்து அரித்து, அருகருகே நீளும் கூரான வரப்புகளாக ஆக்குகின்றன. அவற்றை ‘ஸ்பைன்’ என்பார்கள், முதுகெலும்பு மாதிரி இருப்பதால். திரையில் அதைவிட அழகான ஒன்று இந்த வகையில் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லோருக்கும் அதுதான் அழகு. எல்லோரும் மார்ச், ஏப்ரலில்தான் போகிறார்கள். நாள் கணக்கில் மேகம் விலகக் காத்திருந்து, விலகிய அன்று ஒரே சாய்ந்த வெயிலில் படம் பிடிக்கிறார்கள். கம்பெனி வேறாக இருக்கலாம், மாதமும் மலையும் வெயிலும் ஒன்றுதான்.

இரண்டாவது காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருடம் ஆனது. காலில் மாட்டும் சறுக்குப் பலகை. சறுக்கு வீரர் ஷேன் மெக்கான்கி தண்ணீர்ச் சறுக்குப் பலகையைப் பார்த்து யோசித்து உருவாக்கிய ‘ஸ்பாட்டுலா’ 2002இல் வந்தது. வழக்கத்துக்கு நேர்மாறாக நடுவில் அகலம், இரண்டு முனையும் மேல்நோக்கி வளைவு. ஆழமான பனியில் மூழ்காமல் மிதக்கும், வழுக்கிக்கொண்டே திரும்பும். இன்றைய அகலப் பலகைகள் எல்லாவற்றிலும் அதன் சாயல் உண்டு. பழைய படங்களில் ஒரு முகத்தில் குட்டிக் குட்டியாக இருபது முப்பது திருப்பம் போடுவார்கள். இப்போது நான்கைந்து பெரிய திருப்பம், மலை முடிந்துவிடுகிறது. இறங்குபவருக்கு அது சொர்க்கமாக இருக்கும். எனக்கு? நிமிர்ந்து உட்காருவதற்குள் ஓட்டம் ஓவர். அந்தச் சில நொடிகளை நீட்டத்தான் மெதுவோட்டம், டிரோன் சுற்று, பனித்தூள் மேலே கொட்டும் நெருக்கக் காட்சி எல்லாம். பலகை நன்றாக ஆக ஆக, பார்ப்பதற்கு இருப்பது குறைந்துகொண்டே வந்தது.

அதோடு இன்னொரு ஏமாற்று. எதிரே பறக்கும் ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் மலைமுகம் சுவரில் மாட்டிய படம் மாதிரித் தட்டையாகத் தெரியும். தலைக்கவசக் கேமராவின் அகலக் கண்ணாடியோ செங்குத்தையே சாதாரண மேடாக்கிவிடும். அதனால் ஆபத்தே இல்லாதது போல ஆபத்தானவற்றைப் பார்த்துப் பழகிவிட்டேன்.

எனக்கு இதை உடைத்துக் காட்டியது ஒரு விழுகை. 2016இல் அலாஸ்காவின் நியகோலா மலைகளில் சறுக்கு வீரர் இயன் மெக்கின்டாஷ் விழுந்ததன் காணொளி. முதல் திருப்பத்திலேயே பனிக்குள் மறைந்திருந்த ஒரு பள்ளத்தில் கால் போகிறது, அவ்வளவுதான். சுமார் 1,600 அடி. தலைக்கவசக் கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. பனிச்சரிவில் புதையாமல் காக்கும் காற்றுப்பையை இழுத்துவிடுகிறார். வானம், பனி, வானம், பனி. நடுநடுவே முனகல். நிற்கும் என்று நாம் நினைக்கும் இடத்தில் நிற்கவே இல்லை. பெரிய காயம் இல்லாமல் எழுந்தார். ஒரு நிமிடத்துக்கும் குறைவான அந்தக் காட்சியில்தான் இத்தனை வருடம் நான் பார்த்த சரிவுகளின் உயரம் எவ்வளவு என்று உடம்புக்கே புரிந்தது. மற்ற படங்கள் அந்த உயரத்தை எனக்கு ஒருபோதும் தரவில்லை.

ஆபத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சங்கடத்தையும் சொல்லவேண்டும். கூம்ப்ஸ் 2006இல் பிரான்சின் லா கிராவ் மலையில் இறந்தார். மெக்கான்கி 2009இல் இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகளில். இந்த விளையாட்டில் இப்படிப் போனவர்கள் நிறைய. ஆகவே பல படங்களில் ஒரு அஞ்சலிப் பகுதி வருகிறது: பியானோ, பழைய காட்சி, நண்பர்களின் கலங்கிய கண், அடுத்த நிமிடம் கிட்டார் அதிர மறுபடி குதிப்பு. அந்த துக்கம் உண்மையானது, அதைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் பியானோ தொடங்கியதும் ‘சரி, அஞ்சலி வந்துவிட்டது’ என்று என் மனம் சொன்ன நாளில் என்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஒரே மாதிரிப் படங்கள் பார்ப்பவனை அங்கே கொண்டுபோய் விடுகின்றன.

இதில் என் பங்கும் உண்டு. பல வருடம் நான் பார்த்தது ஆளை மட்டும்தான், சரிவைப் பார்க்கவே இல்லை. ‘ஸ்லஃப்’ என்ற ஒன்றை ஒருவர் விளக்கக் கேட்ட பிறகுதான் கண் திறந்தது. இறங்குபவர் ஒவ்வொரு திருப்பத்திலும் கிளப்பிவிடும் மேல்பனி, அவருக்குப் பின்னாலேயே ஆறு மாதிரி ஓடிவருகிறது. செங்குத்தில் அது அவரை முந்திப்போய்க் காலை வாரிவிடும். ஒன்று அதைவிட வேகமாகப் போகவேண்டும், இல்லையென்றால் பக்கத்து வரப்புக்குத் தாவி அதை ஓடவிட்டு, அப்புறம் திரும்பி வரவேண்டும். நடுவழியில் ஒருவர் ஏன் சும்மா ஓரமாக ஒதுங்குகிறார் என்று நான் சலித்துக்கொண்ட இடமெல்லாம் இதுதான் நடந்திருக்கிறது. பழைய படங்கள் சிலவற்றை மறுபடி போட்டுப் பார்த்தேன், இந்தத் தடவை ஆளைவிட்டு அவருக்குப் பின்னாலிருக்கும் பனியைக் கவனித்தபடி. பாதிக்கு மேல் புதுப் படமாகத் தெரிந்தன. மீதியில் சரியாகப் பனி முந்துகிற கணத்தில் வேறு கோணத்துக்கு வெட்டியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். அலுப்பு மலையில் இல்லை, படத்தொகுப்பு மேசையில் இருக்கிறது. ஒருவர் யோசிக்கிற நேரம், பயப்படுகிற நேரம், ஒதுங்குகிற நேரம் மூன்றையும் வெட்டி எறிந்தால் மிச்சம் இருப்பது எல்லோருக்கும் பொதுவான பனித்தூள்தான்.

அதனால்தான் இத்தனை வருடத்துக்குப் பிறகும் நான் தேடிப்போவது வெட்டாதவற்றை. இந்த வகைச் சறுக்குக்கான போட்டித் தொடர் ஃப்ரீரைட் வேர்ல்ட் டூர், அதன் நேரலைக்குத்தான் முதலிடம். சுவிட்சர்லாந்தின் வெர்பியேவில் பெக் தெ ரோஸ் மலைமுகத்தில் இறங்குபவர்கள் முன்கூட்டி அதில் சறுக்கிப் பழக அனுமதி கிடையாது. எதிரிலிருந்து பைனாகுலரில் பார்த்து, பாறைகளை மனப்பாடம் செய்து, மேலே போய் நின்றால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அந்த ஒரே ஓட்டத்தில் தயக்கம் கூடத் தெரிகிறது. டிவியில் பார்க்க அழகு கம்மிதான், நடுநடுவே காத்திருப்பும் உண்டு. பரவாயில்லை.

சறுக்கு வீரர் கோடி டவுன்சென்ட் இன்னொரு வகை. 2014இல் அலாஸ்காவில் இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே ஆள் நுழையும் அளவே உள்ள ஒரு இடுக்கில் அவர் நேராகப் பாய்ந்த காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சில நொடி, மூச்சு நிற்கும், முடிந்தது. அவரே 2019இல் ‘தி ஃபிஃப்டி’ என்ற தொடரைத் தொடங்கினார். வட அமெரிக்காவின் புகழ்பெற்ற 50 இறக்கங்கள், தன் காலால் ஏறி. அரை மணி நேரத்தில் இறங்குவது கொஞ்சம், ஏறுவதும் வாதிடுவதும் கூடாரத்தில் நடுங்குவதும் மிச்சம். சில அத்தியாயங்களில் பனி சரியில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். முதல் தடவை அப்படித் திரும்பியபோது ஏமாந்தேன். இப்போது எனக்குப் பிடித்தவை அந்த அத்தியாயங்கள்தான். இந்த வகையும் மெல்ல ஒரு அச்சுக்குள் போகிறது என்பதையும் சொல்லவேண்டும். இருட்டில் அலாரம், நெற்றி விளக்கு, காபி, பனியில் குழி தோண்டிச் சோதனை என்று அவரைப் பார்த்து எடுப்பவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் தொடங்குகிறார்கள்.

வேகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு சறுக்கு வீரர் ஜெரமி ஹைட்ஸின் 2016ஆம் வருடப் படம் ‘லா லிஸ்ட்’. ஆல்ப்ஸின் 4,000 மீட்டர் சிகரங்களில், முன்னோடிகள் ஒவ்வொரு திருப்பமாகக் குதித்துக் குதித்து இறங்கிய பனிச்சுவர்களில், இவர் பெரிய வளைவுகளாகப் பாய்கிறார். பலகை மாறியதால் பார்ப்பதற்குக் குறைந்துவிட்டது என்றேன் அல்லவா, அதற்கு விதிவிலக்கு இது.

கடைசியாக, மலையே இல்லாத ஒன்று. 2011இல் வந்த ‘ஆல் ஐ கேன்’ படத்தில் ஜே.பி. ஆக்லேர் மலையடிவார ஊர்களின் தெருக்களில், படிக்கட்டுகளில், வீட்டு முற்றங்களில் சறுக்கிப் போவார். சில நிமிடங்கள்தான். 2014இல் அவரும் ஒரு பனிச்சரிவில் போய்விட்டார். எனக்குத் தெரிந்த யாருக்கு இந்த வகையை அறிமுகம் செய்தாலும் அந்தப் பகுதியைத்தான் முதலில் போடுகிறேன், இதுவரை யாரும் பாதியில் கைபேசியை எடுத்ததில்லை.

தொடர்ந்து பார்ப்பேனா? பார்ப்பேன், ஆனால் வரும் எல்லாவற்றையும் அல்ல. இப்போது பாட்டை அணைத்துவிட்டுப் போடுகிறேன். முதல் பத்து நிமிடத்தில் ஒரு ஓட்டமாவது மேலிருந்து கீழே வெட்டில்லாமல் வந்தால் ஒலியைத் திறந்து மீதியைப் பார்ப்பேன், இல்லாவிட்டால் மூடிவிடுவேன். இந்த வருடம் ஆறு படம் போட்டேன், இரண்டைத்தான் முடித்தேன். அந்த இரண்டிலும் யார் எந்த நிற ஜாக்கெட் என்று நினைவில்லை, ஆனால் எந்த வரப்பிலிருந்து எந்த வரப்புக்குத் தாவினார்கள் என்று காகிதத்தில் வரைந்து காட்ட முடியும்.