கார் காது, பட்டறைக் காது

சேலம் மாதிரி ஊரில் ஒரு தனியார் பண்பலையை ஓட்ட இரண்டு வழி. ஆலோசகர் கொடுக்கும் பாட்டுப் பட்டியலை அச்சுப் பிசகாமல் சுற்றவிடலாம். இல்லையென்றால் ஊர்க்காரர் ஒருவரிடம் மைக்கைக் கொடுத்துவிடலாம். முதல் வழியைத் திட்டாத ஆள் இல்லை. நான் அவ்வளவு சுலபமாகத் திட்ட மாட்டேன்.

அமெரிக்காவில் ஒமாஹா நகரத்து நிலைய முதலாளி டாட் ஸ்டார்ஸ், ஜூக்பாக்ஸ் என்ற பாட்டுப் பெட்டியில் ஜனங்கள் காசு போட்டுப் போட்டு ஒரே பாட்டைக் கேட்பதைக் கவனித்தாராம். பிரபலமான சில பாட்டுகளையே திரும்பத் திரும்பப் போடும் டாப் 40 முறை 1950களில் வளர்ந்த கதையை இப்படித்தான் சொல்வார்கள். 1965-இல் லாஸ் ஏஞ்சலிஸின் கேஎச்ஜே நிலையத்துக்கு ஆலோசகராக வந்த பில் டிரேக் பட்டியலைச் சுருக்கினார், பேச்சைக் கத்தரித்தார். நிலையம் முதலிடத்துக்குப் போனது. காரில் இருபது நிமிடம் கேட்பவருக்கு அதற்குள் பிடித்த பாட்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

சரி, சேலத்தில் கேட்பது யார்? செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த கொலுசுப் பட்டறையில் ரேடியோ ஆணியில் தொங்கும். காலை ஒன்பதுக்குப் போட்டால் இருட்டும்வரை ஓடும். பற்றவைக்கிறவர் நெருப்பைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. நிலையம் மாற்ற யாரும் எழுவதில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் பாட்டு அங்கே நாளுக்கு நான்கு தடவை. "இவன் வந்துட்டான், டீ சொல்லுங்கண்ணே" என்பார்கள். பாட்டு கடிகாரமாகிவிட்டது.

ஜூக்பாக்ஸில் காசு போட்டவர் தானாகக் கேட்டார். பட்டறைக்காரர் மாட்டிக்கொண்டவர். விவரமான ஆலோசகர் நேயர்களுக்குப் பாட்டின் சில விநாடிகளைப் போட்டுக்காட்டி, பிடிக்கிறதா என்பதோடு சலித்துவிட்டதா என்றும் கேட்பார். ஆனால் யார் எந்த நிலையத்தைக் கேட்கிறார்கள் என்று பார்க்கும் ராம் (RAM) என்ற வானொலிக் கணக்கெடுப்பே டெல்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தாவோடு நின்றது. சென்னைகூட அதில் இல்லை. அப்புறம் சேலத்துப் பட்டியல் என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு போட்டதுதானே.

ஊர்க்காரத் தொகுப்பாளரும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. பிறந்தநாள் வாழ்த்தை ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி வாசிக்கவும் முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம். ஆனால் போக்குவரத்து, வானிலை, மின்தடை, தண்ணீர், திருவிழா இதையெல்லாம் செய்தியாகக் கருதாமல் மத்திய அரசின் 2011 பண்பலைக் கொள்கை அனுமதிக்கிறது. ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பனி இறங்கியிருக்கிறதா, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு எந்த ரோட்டை அடைத்திருக்கிறார்கள் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. அதனால் பகலை ஊர்க்காரரிடம் விடுவேன்; காலையும் மாலையும் வண்டி ஓட்டுகிற நேரத்துக்கு அந்தப் பட்டியலே போதும்.

போன மாதம் அந்தப் பட்டறைக்குப் போனேன். ஆணி காலி. கீழே பென் டிரைவ் செருகிய ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. அதிலும் முந்நூறு பாட்டுதானாம். ஆனால் ஏற்றியது அங்கே வேலை செய்யும் பையன்.