வாட்ச் ரிப்பேர் பழக முதலில் எதைத் திறக்கலாம்: பழைய எச்எம்டியா, சீனத்து எஸ்டி36-ஆ?

வாட்ச் ரிப்பேரைச் சொந்தமாகப் பழக நினைக்கிறவர்கள் நம்மூரில் முதலில் கைவைப்பது சாவி கொடுக்கிற எச்எம்டியில்தான். ஜனதாவோ பைலட்டோ ஏதோ ஒரு வீட்டில் நின்றுபோய்க் கிடக்கும். இன்னொரு வழி, சீனத்து எஸ்டி36 மூவ்மென்டை, அதாவது வாட்ச்சின் உள்ளே ஓடும் இயந்திரத்தை மட்டும், புதிதாக வாங்குவது. சுவிஸ் யூனிடாஸ் 6497 என்ற மூவ்மென்டைப் பார்த்துச் செய்தது அது. பாக்கெட் வாட்ச் வம்சம் என்பதால் அகலம் 36.6 மி.மீ. நான் எடுத்தது இதைத்தான். கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

பாகங்கள் பெரிது, கண்ணுக்குச் சுலபம், அதெல்லாம் சரி. எனக்குப் பெரிதாகப் பட்டது, கழற்றும்போது அது ஓடிக்கொண்டிருந்தது என்பது. திரும்பப் பூட்டியதும் நின்றுவிட்டால் காரணத்தை என் கைவேலையில் மட்டும் தேடினால் போதும்.

சக்கரங்களின் மேல் பிரிட்ஜை (அவற்றை மேலிருந்து பிடிக்கும் தகடு) உட்கார வைக்கும் கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் பிவட்டும் (அச்சின் மெல்லிய நுனி) அதனதன் கல்லுக்குள், அதாவது அந்த நுனி சுழலும் துளையுள்ள சிறு கல்லுக்குள், இறங்க வேண்டும். பிரிட்ஜை லேசாக அழுத்திக்கொண்டு ட்வீஸரால் சக்கரங்களைத் துளித் துளியாக நகர்த்தினால், ஒவ்வொன்றாக இறங்கி பிரிட்ஜ் தானே படியும். படியாமல் திருகை முறுக்கினால் பிவட் முறியும். சக்கரங்களை விட்டுவிட்டுப் பிடித்து நிறுத்தும் பேலட் ஃபோர்க் என்ற சிறு கவையைப் போடுவதற்கு முன் கொஞ்சம் சாவி கொடுத்துப் பார்க்க வேண்டும். சக்கரங்கள் சரசரவென்று ஓட வேண்டும். எஸ்டி36-இல் ஓடாவிட்டால் பிரிட்ஜைத் தூக்கி மறுபடி வைத்துப் பார்க்கலாம். பழைய எச்எம்டியில் ஓடாவிட்டால்? காய்ந்த எண்ணெயா, தேய்ந்த பிவட்டா, யாரோ எப்போதோ மாட்டிய பொருந்தாத சக்கரமா, நம் கையா? புதிதாகப் பழகுகிறவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, உள்ளே நாலு வாட்ச்சின் பாகங்களைக் கலந்து விற்கிறவையும் சந்தையில் உண்டு.

எச்எம்டியை நான் குறைவாகச் சொல்லவில்லை. 1961-இல் ஜப்பானின் சிட்டிஸன் துணையோடு பெங்களூரில் தொடங்கிய தயாரிப்பு. 17 கல் வைத்த நல்ல மூவ்மென்ட். ஓட வைத்துவிட்டால் அன்றே கையில் கட்டலாம், எஸ்டி36-க்குத் தனியாகக் கேஸ் (வெளிக்கூடு) தேட வேண்டும். ஆனால் 2016-இல் எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட அரசு முடிவெடுத்தபின், பாகம் வேண்டுமென்றால் பழைய ஸ்டாக் அல்லது இன்னொரு வாட்ச்தான். அதிர்ச்சி தாங்கும் பாராஷாக் அமைப்பின் குட்டி ஸ்பிரிங் ஒன்று தெறித்துப் போனால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும்.

கையசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்கில் எனக்கு அனுபவம் குறைவு, அதனால் அதை இங்கே சேர்க்கவில்லை. எஸ்டி36 கைக்குப் பழகியபின் எச்எம்டிக்கு வருகிறவர்கள் ஒரே மாதிரி மூவ்மென்டுள்ள ஓடாத வாட்ச் இரண்டாக வாங்குங்கள்; ஒன்றின் பாகம் மற்றதற்கு ஆகும்.