'ஜோடியாக வந்தால்தான் பரிசு' என்று போன் வந்தால் போகாதீர்கள்: வேலூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இருக்கும் கணவன் மனைவிமார் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பொருட்காட்சியிலோ, பெட்ரோல் பங்கிலோ, துணிக்கடை வாசலிலோ 'லக்கி டிரா' கூப்பன் எழுதிப் போட்டிருந்தால் கொஞ்ச நாளில் உங்களுக்கு ஒரு போன் வரும். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, ரெண்டு பேரும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார்கள். நாங்கள் போனோம். அன்று ராத்திரி வீட்டுக்குத் திரும்பும்போது என் வீட்டுக்காரரின் கிரெடிட் கார்டில் 85,000 ரூபாய் போயிருந்தது. கையில் இருந்தது ஒரு கவரும், 25 வருஷத்துக்கு 'ஹாலிடே மெம்பர்ஷிப்' (முன்பணம் கட்டி வருஷா வருஷம் விடுதியில் தங்கும் திட்டம்) என்று அச்சடித்த ஒரு ஃபைலும்தான்.

எங்களுக்கு ஊர் சுற்றுவதும் நல்லதாகத் தேடிச் சாப்பிடுவதும் ரொம்பப் பிடிக்கும். அதற்குப் பெரிய செலவு எதுவும் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு ஆம்பூர் போவோம். சீரகச் சம்பா பிரியாணி, எண்ணெய்க் கத்திரிக்காய், தயிர் வெங்காயம். சென்னைக்குப் போய்த் திரும்பினால் ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்காமல் வரமாட்டோம். காந்தி ரோட்டுப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காளிகளுக்காக நடத்துகிற சின்ன மெஸ்களில் கடுகெண்ணெய் மணக்கும் மீன் குழம்பு கிடைக்கும், அதற்காகவே சில நாள் சமைக்காமல் கிளம்பிவிடுவோம். சாயங்காலம் கோட்டை அகழி ஓரமாக ஒரு நடை, அப்படியே ஜலகண்டேஸ்வரர் கோயில். வெயில் தாங்கவில்லை என்றால் ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் காற்றே மாறிவிடும். புங்கனூர் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு, பலாச்சுளை வாங்கித் தின்றுவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவோம்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் குறி வைப்பதே இப்படிச் சேர்ந்து வெளியே போய்வருகிற குடும்பங்களைத்தான். கத்திரி வெயிலில் வேலூர் எப்படிக் கொதிக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சமயம் பார்த்துப் பொருட்காட்சி வெளிவாசலில் பெட்டி வைக்கிறார்கள். கூப்பனில் பேரும் போன் நம்பரும் மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. கல்யாணம் ஆனவரா, ரெண்டு பேரின் வயது என்ன, மாத வருமானம் எவ்வளவு, கார் இருக்கிறதா, கிரெடிட் கார்டு இருக்கிறதா, வருஷத்துக்கு எத்தனை முறை வெளியூர் போவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். குலுக்கல் பரிசுக்கு இதெல்லாம் எதற்கு? யாரைக் கூப்பிட்டால் பணம் பெயரும் என்று பொறுக்கி எடுக்கத்தான் அந்தக் கூப்பன்.

போனில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். பரிசு என்ன என்று கேட்டால் நேரில் சொல்வோம் என்றார். என் வீட்டுக்காரர் "நான் மட்டும் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்றதற்கு, "இல்லை சார், மேடமும் கட்டாயம் வரணும், அது கம்பெனி ரூல்" என்றார். அடையாளத்துக்கு ஆதாரும் ஒரு கிரெடிட் கார்டும் எடுத்து வரச் சொன்னார். அரை மணி நேரம்தான் ஆகும், டின்னரும் உண்டு என்றார்.

ஊருக்குள் ஒரு ஹோட்டலின் மாடி ஹால். உள்ளே நுழைந்ததும் காது அடைக்கும் அளவுக்குப் பாட்டு. வட்ட மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கணவன் மனைவி, எதிரில் டை கட்டிய ஒரு பையன். சில பேர் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மைக்கில் யாராவது ஒரு ஜோடியின் பெயரைச் சொல்லி, "நம் குடும்பத்தில் சேர்ந்துவிட்டார்கள்" என்று அறிவிப்பார்கள். உடனே கம்பெனி ஆட்கள் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுவார்கள். பக்கத்து மேஜைக்காரர் என்ன பேசுகிறார் என்று உங்களுக்குக் கேட்காது. உங்களுக்கு வரும் சந்தேகத்தை அவரிடம் கேட்கவும் முடியாது. அந்தச் சத்தம் அதற்காகவே வைத்தது.

எங்களிடம் உட்கார்ந்த பையன் முதலில் விற்பனை பற்றிப் பேசவே இல்லை. எங்கே போயிருக்கிறீர்கள், என்ன சாப்பிடப் பிடிக்கும், எங்கே போக ஆசை என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கொடைக்கானல், மூணார், கோவா என்று நாங்கள் சொல்லச் சொல்ல, ஒரு வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிக்கொண்டான். அப்புறம் அதே தாளில் கணக்குப் போட்டான். ரூம் ஒரு நாளைக்கு 4,000, வருஷத்துக்கு 6 ராத்திரி என்றால் 24,000, 25 வருஷத்துக்கு 6 லட்சம், விலைவாசி ஏறினால் 15 லட்சம். இதற்குப் பதிலாக எங்களிடம் 2,40,000 கட்டினால் போதும், ஆயுசுக்கும் ஓசியில் தங்கலாம் என்றான். வேண்டாம் என்றோம். மேனேஜர் வந்தார், 1,60,000 என்றார். எழுந்தோம். இன்னொரு பெரியவர் வந்து எங்கள் தோளைத் தொட்டு உட்கார வைத்து, "நீங்கள் நல்ல ஜோடி, உங்களுக்காக மட்டும்" என்று 85,000 என்று எழுதி வட்டம் போட்டார். வருஷா வருஷம் 6 ராத்திரி, எந்த ஊரிலும், சாப்பாட்டோடு, முதல் வருஷம் கோவாவுக்கு விமான டிக்கெட் இலவசம் என்று அதே தாளில் அவர் கையாலேயே எழுதினார்.

ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறோம் என்று நான் கேட்டேன். இந்த மேஜையை விட்டு எழுந்தால் ஆஃபர் முடிந்தது என்றார்கள். ரெண்டு பேரையும் ஏன் வரச் சொன்னார்கள் என்பது அங்கேதான் புரிந்தது. ஒருத்தர் மட்டும் போயிருந்தால், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடலாம். ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தால் அந்த வழி அடைபட்டுப்போகிறது. மேலும் ஒருவரை வைத்து இன்னொருவரை நெருக்குகிறார்கள். "சார் உங்களுக்காகச் செலவு பண்ணத் தயாராக இருக்கிறார், நீங்கள்தான் மேடம் தடுக்கிறீர்கள்" என்று என்னிடம். நான் கை கழுவப் போன நேரத்தில், "மேடம் முகத்தைப் பார்த்தீர்களா சார், அவ்வளவு ஆசை, வாயைத் திறந்து கேட்கவில்லை" என்று அவரிடம். ஒருத்தர் மேல் ஒருத்தர் வைத்திருக்கிற பிரியத்தையே பிடித்து இழுத்துப் பணம் வாங்குகிறார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அரை மணி என்றது ராத்திரி பத்து தாண்டியது. அந்த டின்னர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வந்தது, ஆறிப்போன ஃப்ரைட் ரைஸ். கார்டைத் தேய்த்து, ஓடிபி வாங்கி, 12 மாதத் தவணையாக மாற்றிவிட்டார்கள். வட்டியும் வட்டிக்கு ஜிஎஸ்டியும் தனி என்பது ஸ்டேட்மென்ட் வந்தபோதுதான் தெரிந்தது.

எல்லாரும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. கையெழுத்து முடிந்ததும் அந்த வெள்ளைத் தாளைப் பையன் நாலாக மடித்துத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டான். கேட்டால், "ஆபீஸ் ரெக்கார்டுக்கு" என்றான். சாப்பாடு, விமான டிக்கெட், எந்த ஊரிலும் என்று சொன்ன அத்தனையும் இருந்தது அந்தத் தாளில்தான். எங்களுக்குக் கொடுத்த அச்சடித்த ஒப்பந்தத்தில், வாயால் சொன்ன எந்த வாக்குறுதியும் செல்லாது, கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திரும்பத் தரப்பட மாட்டாது, வழக்கு என்றால் வேறு மாநிலத்தில் உள்ள கோர்ட்டில்தான் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 8,000, வரி தனி, தங்கினாலும் தங்காவிட்டாலும் கட்ட வேண்டும். 25 வருஷத்துக்கு அதுவே 2 லட்சம். இதைப் பற்றி அந்த ஹாலில் ஒரு வார்த்தை வரவில்லை.

பரிசுக் கவரைப் பிரித்தோம். 'மூன்று பகல் இரண்டு இரவு' கூப்பன். அதைப் பயன்படுத்தப் பதிவுக் கட்டணம் 2,999 அனுப்ப வேண்டும். 45 நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும். சனி ஞாயிறு, பண்டிகை நாள், பள்ளி விடுமுறைக் காலம் செல்லாது. சாப்பாடு கிடையாது.

சரி, மெம்பர்ஷிப்பையாவது பயன்படுத்துவோம் என்று கொடைக்கானல் கேட்டோம். ரூம் இல்லை என்றார்கள். வேறு தேதி சொன்னோம், அதிலும் இல்லை. மூணார் கேட்டதற்கு, மூணாரிலிருந்து வெகுதூரம் தள்ளி ஏதோ ஒரு விடுதியைக் காட்டி, ஒரு ராத்திரிக்கு 1,500 'யுடிலிட்டி சார்ஜ்' என்றார்கள். அதே நாள், அதே விடுதியை மெம்பர் இல்லாத ஆளாக நாங்களே ஆன்லைனில் பார்த்தோம், அங்கே ரூம் காலியாக இருந்தது. ஏலகிரி அவர்கள் பட்டியலிலேயே இல்லை. விமான டிக்கெட் பற்றிக் கேட்டால், "அப்படி எதுவும் ஒப்பந்தத்தில் இல்லையே மேடம்" என்கிறார்கள். அன்று பேசிய பையனின் நம்பர் இப்போது எடுப்பதில்லை.

போன மாதம் குடியாத்தத்தில் இருக்கும் என் நாத்தனாருக்கு இதே மாதிரி போன் வந்திருக்கிறது. உடனே என்னைக் கூப்பிட்டு, "அண்ணி, போகட்டுமா?" என்றாள். பரிசைக் கூரியரில் அனுப்பச் சொல், கம்பெனி பேரையும் ஜிஎஸ்டி நம்பரையும் வாட்ஸ்அப்பில் கேள், ஒப்பந்தத்தின் நகலை முன்கூட்டியே அனுப்புவார்களா என்று கேள் என்றேன். முதல் கேள்வியிலேயே லைனைத் துண்டித்துவிட்டார்களாம். உங்களுக்குப் போன் வந்தாலும் இதையே கேளுங்கள். யாராவது பெரியவர் கட்டாயப்படுத்தி எப்படியும் போயே ஆகவேண்டும் என்றால், கார்டையும் போனில் இருக்கும் பேங்க் ஆப்பையும் நம்பி எடுத்துப் போகாதீர்கள். வெள்ளைத் தாளில் எழுத ஆரம்பித்தால் உடனே போட்டோ எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் நிறையப் பேர் வெளியில் சொல்ல வெட்கப்பட்டு மாதத் தவணையைக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படி இருக்க வேண்டாம். கட்டிய மறுநாளே மெம்பர்ஷிப்பை ரத்து செய்யச் சொல்லி மெயிலும், ஒப்புகை கேட்டு ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்புங்கள். கார்டு கொடுத்த வங்கியில் அந்தப் பரிவர்த்தனை மேல் 'டிஸ்பியூட்', அதாவது ஆட்சேபம், எழுதிக் கொடுங்கள், அதற்கு நாள் கணக்கு உண்டு, தள்ளிப் போடக் கூடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். புகார் எண் தருவார்கள், கம்பெனிக்கும் அனுப்புவார்கள். எங்களுக்கு அதில் கம்பெனியிலிருந்து வந்த பதில், "ஒப்பந்தப்படி பணம் தர இயலாது" என்ற ஒரு வரிதான். ஆனாலும் அந்தப் பதிலே பின்னால் ஆவணமாக உதவும்.

வேறு மாநிலக் கோர்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். பரிசு என்று சொல்லிவிட்டுச் சொன்னபடி தரும் எண்ணமே இல்லாமல் ஆளை இழுப்பதை, அதே சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று சொல்கிறது.

நாங்கள் மனு கொடுத்துவிட்டோம். ஒப்பந்த நகல், கார்டு ஸ்டேட்மென்ட், பரிசுக் கூப்பன், ரூம் இல்லை என்று வந்த மெயில்கள், அதே நாளில் ஆன்லைனில் ரூம் காட்டிய ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்திருக்கிறோம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. அதே ஹாலில், அந்தக் கோடையில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களிடம் அந்த வெள்ளைத் தாளின் போட்டோ இருந்தால், எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.