மகனுக்கு எடுத்த நியூரோசைக்காலஜி மதிப்பீடு: ஐந்துக்கு நான்கு

எட்டு வயது மகன், கேட்டால் பாடம் முழுக்க வாயால் சொல்வான், எழுதச் சொன்னால் பாதிப் பக்கத்தில் நின்றுவிடுவான். குழந்தை மருத்துவர் சொன்னதால் நினைவு, கவனம், யோசிக்கும் வேகம் போன்றவற்றைச் சோதித்துப் பார்க்கும் இந்த மதிப்பீட்டை ஒரு தனியார் மையத்தில் எடுத்தோம். எடுத்தது நல்லதுதான், ஆனால் முன்பே தெரிந்திருந்தால் இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும் விஷயங்கள் நிறைய.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஊசி, ஸ்கேன் எதுவும் கிடையாது. குழந்தை நிபுணரோடு மேசையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கும், சொன்ன எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லும், ஒரு கதையைக் கேட்டுவிட்டு அரைமணி கழித்து நினைவிலிருந்து சொல்லும். மொத்தத்தில் பல மணி நேரம் பிடிக்கும். இங்கே அதைப் பிரித்துச் செய்தார்கள், அதற்கே முழு மதிப்பெண் கொடுக்கலாம், ஏனென்றால் களைத்துப்போன குழந்தையிடம் களைப்பைத்தான் அளக்க முடியும்.

சோதனைக்கு முன்னால் பெற்றோரிடம் நீளமாகப் பேசுகிறார்கள். பிரசவம் எப்படி, எப்போது பேசினான், வலிப்பு வந்ததா, தலையில் அடிபட்டதா, தூக்கம் எப்படி, குடும்பத்தில் வேறு யாருக்காவது படிக்கச் சிரமம் இருந்ததா என்று எல்லாம். ஆசிரியருக்கும் ஒரு கேள்வித்தாள் போகும். இதைச் சடங்கு என்று நினைத்து அவசரமாக நிரப்பாதீர்கள். அமைதியான அறையில் ஒரு பெரியவர் முழுக் கவனத்தோடு எதிரே இருந்தால் கவனக் குறைபாடுள்ள குழந்தைகூடச் சமாளித்துவிடும், நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் என்ன நடக்கிறது என்பது ஆசிரியரின் தாளில்தான் தெரியும்.

சரி, ஐ.க்யூ. எல்லோரும் கேட்பது அதைத்தான். அதற்குப் பரவலாகப் பயன்படும், குழந்தைகளுக்கான வெக்ஸ்லர் சோதனையின் 5-ஆம் பதிப்பு 2014-இல் வந்தது, 6 முதல் 16 வயது வரைக்கானது. சராசரி 100, மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். ஆனால் உள்ளே ஐந்து தனி மதிப்பெண்கள் இருக்கின்றன: மொழிப் புரிதல், உருவங்களைக் கையாளுவது, புதுச் சிக்கலைத் தீர்ப்பது, வேலை நினைவகம் (கேட்டதைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்வது), செயல் வேகம். என் மகனுக்கு முதலாவது நன்றாக மேலே, கடைசி நன்றாகக் கீழே. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் 'சாதாரணம்' என்று வருகிறது! அந்த ஒற்றை எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் பள்ளிக்காரர்கள் சோம்பேறி என்றுதான் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் பெர்சென்டைல். 30 என்று பார்த்ததும் வீட்டில் ஒரே பதற்றம். அது நூற்றுக்கு முப்பது மார்க் இல்லை, அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரில் முப்பது பேர் அளவுக்கோ அவர்களுக்கு மேலோ இருக்கிறான் என்று அர்த்தம், அதுவும் சராசரிக்குள்ளேதான்.

மையத்துக்கு நான் ஒரு புள்ளி ஏன் குறைத்தேன்? அறிக்கை தடிமன், பரிந்துரை மெலிவு. 'கூடுதல் நேரம் கொடுக்கவும்' என்று ஒரு வரி, எந்தப் பாடத்துக்கு, எவ்வளவு, எழுதுவதற்குப் பதிலாக வாய்மொழியாகக் கேட்கலாமா, ஒன்றும் இல்லை. முடிவுகளைப் பெற்றோருக்கு விளக்கும் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் பள்ளிக்குக் கொடுக்கும்படி எழுதித் தந்தார்கள். என் கணக்கில் கட்டணத்துக்கு உண்மையான பலன் அந்த ஒரு மணி நேரம்தான். அதனால் பணம் கட்டும் முன்னாலேயே கேளுங்கள், விளக்கக் கூட்டம் உண்டா, சோதனை செய்வது யார், இன்னும் பயிற்சியில் இருப்பவர் என்றால் மேற்பார்வை யார், குழந்தைக்கு நன்றாக வரும் மொழியில் சோதிப்பார்களா என்று. கடைசிக் கேள்வி இரண்டு மொழியில் வளரும் குழந்தைக்கு ரொம்ப முக்கியம்.

கண், காது பரிசோதனையை முதலில் முடித்துவிடுங்கள். கண்ணாடி போடும் குழந்தை கண்ணாடியோடுதான் போக வேண்டும், மாத்திரை சாப்பிட்டால் அன்று கொடுக்கலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்றால் தள்ளிப்போடுங்கள். வீட்டில் பயிற்சி கொடுக்கவே கூடாது, முன்பே பார்த்த கேள்விக்கு வரும் பதிலுக்கு மதிப்பில்லை.

வாசிப்பில் மட்டும் சிக்கல் என்றால் கற்றல் திறன் மதிப்பீடே போதுமாக இருக்கலாம். வலிப்பு, தலைக்காயம், மூளையைப் பாதிக்கக்கூடிய சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் இந்த நியூரோசைக்காலஜி மதிப்பீடு தேவைதான். அறிக்கையின் முழுப் பிரதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதே சோதனையைச் சீக்கிரமே திரும்பச் செய்தால் பழக்கத்தால் மதிப்பெண் ஏறிவிடும், அதனால் அடுத்து பார்க்கும் நிபுணர் முதலில் கேட்பது இந்தப் பிரதியைத்தான்.