தராசுக்கு மேலே ஒரு கேமரா

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த ரப்பர் பால்) வாங்கி விற்கும் கடை என்னுடையது. கடையில் கேமரா வைத்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் மூன்று ஆண்டுகள் மாட்டியிருந்ததைக் கேமரா என்று சொல்லவே மனம் வரவில்லை.

அது மலிவான ஒரு மெகாபிக்சல் செட். பொருத்த வந்த பையன், "அண்ணே, ரோடு முழுக்கத் தெரியும்" என்றான். தெரியத்தான் செய்தது. 2019 ஆடி மழையில் ஓர் இரவு கிடங்குப் பூட்டை உடைத்து இரண்டு கட்டு ஷீட்டைத் தூக்கிப் போய்விட்டார்கள். காலையில் பதிவை ஓட்டினால், மழைக்கோட்டு போட்ட ஒருவன் வருகிறான், குனிகிறான், போகிறான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒரு வெள்ளை. கேமராவின் அகச்சிவப்பு விளக்கு கிட்டத்தில் அடித்தால் முகம் அப்படித்தான் வெளிறும். அந்த விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். படத்தில் பாதி வலை. பைக் நம்பர் இருக்கும் இடத்தில் ஹெட்லைட் வெளிச்சம். பதிவுப் பெட்டியின் கடிகாரம் வேறு முக்கால் மணி நேரம் பின்தங்கியிருந்தது. பார்க்க வந்த ஏட்டு சிரிக்காமல் கேட்டார்: "இதில் ஆள் எது, மூட்டை எது?"

அடுத்த ஜனவரி 8 இரவு, எங்கள் ஊர்ச் சோதனைச் சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓடும் இருவரின் உருவம் அருகில் இருந்த கேமராவில் பதிவாகியிருந்தது. தேடப்பட்ட இருவர் ஒரு வாரத்துக்குள் கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டார்கள். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதுதான் என் கடைப் பதிவை நினைத்து வெட்கமாக இருந்தது. செட்டை மாற்றிவிட்டேன்.

இந்த முறை கணக்குப் போட்டு வாங்கினேன். முன்பின் தெரியாத ஒருவரை முகத்தை வைத்து அடையாளம் சொல்ல, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் (பிக்சல்) வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். பழைய கேமராவின் படத்தில் குறுக்காக இருந்தவை மொத்தம் 1,280 புள்ளிகள். அதில் 15 மீட்டர் அகலத்தைத் திணித்தால் மீட்டருக்கு 85தான் மிஞ்சும். நடமாட்டம் தெரியும், ஆள் தெரியாது. நான்கு மெகாபிக்சல் கேமராவில் 2,560 புள்ளிகள். அதை நான்கு மீட்டருக்குள் அடக்கி, எடை காட்டும் திரைக்குச் சற்று மேலே முகத்தின் உயரத்தில் வைத்தேன். விற்க வருபவன் வாசலில் தலை குனிந்து வரலாம். எடை ஏறும்போது எண்ணைப் பார்க்காமல் இருக்க மாட்டான். வண்டி நிற்கும் இடத்துக்கு நம்பர் பலகையை மட்டும் பார்க்கும் குறுகிய லென்ஸ். கிடங்கு வாசலில் இரவெல்லாம் எரியும் ஒரு எல்.இ.டி. பல்பு, விலைக்குப் பலன் அதிகம் தந்தது அதுதான்.

போன ஆண்டு எல்லைக்கு அப்பால் பாறசாலைப் பக்கத் தோட்டம் ஒன்றின் புகையறையில் ஷீட் களவு போய், ஆறாம் நாள் கேரள போலீஸ் நம் ஊர்க் காவலர்களுடன் கடைக்கு வந்தது. வாங்கியவன் நான்தான். திருட்டுச் சரக்கு வாங்கியவன் என்ற பெயர் நாக்கு நுனியில் நிற்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. பதிவை ஓட்டினேன். துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே ஒருவன் நிமிர்ந்து எண்ணைப் பார்க்கிறான். இடது புருவத்தில் பழைய தழும்பு. திரையில் 38.4 கிலோ. என் பில்லிலும் அதே. ஆட்டோ நம்பரும் விழுந்திருந்தது. இரண்டே நாளில் ஆள் கிடைத்தான்.

பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, இப்படிப்பட்ட மின்னணுப் பதிவோடு சான்றிதழும் வேண்டும். முன்பு, பழைய சாட்சியச் சட்டத்தில், இதையே 65பி என்பார்கள். பதிவில் ஒரு துளி மாறினாலும் மாறிவிடும் ஹாஷ் எண்ணும் அதில் எழுதப்பட வேண்டும். கடிகாரம் சரியாக இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். மாதம் ஒரு முறை சரிபார்ப்பதால் தப்பித்தேன்.

குறை இல்லாமல் இல்லை. ஐப்பசி இடியில் ஒரு கேமரா புகைந்துபோனது. சிலந்திக்கு நல்ல கேமரா, மட்டக் கேமரா என்ற பேதம் கிடையாது. சனிக்கிழமைதோறும் துணியோடு ஏற வேண்டியிருக்கிறது. செலவு முதல் செட்டைப்போல் மூன்று மடங்கு.

ஷீட்டைத் தொண்டிப் பொருளாக, அதாவது வழக்குச் சான்றாக, எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு நான் கொடுத்த பணம் மட்டும் இன்னும் திரும்பவில்லை. நோட்டை எச்சில் தொட்டு நான் எண்ணும் காட்சி வெகு தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.