துப்பாக்கிப் பெட்டகம்: ஜிப்சம் போர்டா, கான்கிரீட் வார்ப்பா?

அமெரிக்க வீடுகளுக்கு விற்கப்படும் துப்பாக்கிப் பெட்டகங்களில் பல, எஃகுத் தகட்டின் உட்புறம் ஜிப்சம் போர்டு பதித்தவை. ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய 21 சதவீதம் நீர். தீயில் அது ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. விலையும் எடையும் குறைவு. ஆனால் போர்டுகள் சரியாகப் பொருந்தாத மூலைகளில் வெப்பம் நுழைந்துவிடும்.

இரண்டு எஃகுச் சுவர்களுக்கிடையே கான்கிரீட் கலவையை வார்த்த பெட்டகத்தில் அந்த இடைவெளிகள் இல்லை. திருடன் அறுப்பதும் துளைப்பதும் கடினம். எடைதான் சிக்கல், மரத்தளம் தாங்குமா என்று முதலில் பாருங்கள். தரைத்தளம் கான்கிரீட்டாக இருந்து, கையில் பணமும் இருந்தால், தயங்காமல் இதையே வாங்கச் சொல்வேன். மாடியறை என்றால் ஜிப்சம்தான்.

'ஒரு மணி நேரம் தாங்கும்' என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். பல நிறுவனங்கள் தங்களுக்கென ஒரு சோதனை முறை வைத்திருக்கின்றன. அமெரிக்கத் தரச் சோதனை நிறுவனமான யூஎல்லின் 'யூஎல் 72' தீச் சோதனையில், 350 வகுப்பு (350 டிகிரி ஃபாரன்ஹீட்) என்றால், ஒரு மணி நேரத்தில் உலை 927 டிகிரி செல்சியஸை எட்டினாலும் உள்ளே 177 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஆர்எஸ்சி (வீட்டுப் பாதுகாப்புப் பெட்டகம்) என்ற முத்திரை, திருடர்கள் உடைப்பதற்கு எதிரானது மட்டுமே. அதைத் தீக்கான சான்றாகக் காட்டும் விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம்.

இரண்டிலும் ஈரம் தங்கலாம். துரு பிடிக்காதிருக்க, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை உள்ளே வையுங்கள்.