ஆஃபர் லெட்டருக்குப் பணம் கேட்டால்: டெல்டா பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் படித்து முடித்த பிள்ளைகளைக் குறிவைத்து ஒரே மாதிரியான வேலை மோசடி திரும்பத் திரும்ப நடக்கிறது. ஏமாந்த குடும்பங்கள் வெளியே சொல்வதில்லை. நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் போனது தெரிந்தால் ஊரில் பேச்சாகும் என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். அடுத்த தெருப் பையனும் அதே ஆளிடம் மாட்டுகிறான். அதனால் நடப்பதை நடக்கிற வரிசையிலேயே எழுதுகிறோம். வீட்டில் வேலை தேடும் பிள்ளை இருந்தால் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

தொடக்கம் பெரும்பாலும் லிங்க்ட்இன் அல்லது ஏதாவது ஒரு வேலைவாய்ப்பு இணையதளம். பிள்ளை தன் படத்தைச் சுற்றி, வேலை தேடுவதைக் காட்டும் ‘ஓப்பன் டு வொர்க்’ என்ற பச்சை வளையத்தைப் போட்டு, ரெஸ்யூமை மொபைல் எண்ணோடு எல்லோரும் பார்க்கும்படி ஏற்றியிருக்கும். சில நாளில் ‘எச்ஆர்’, அதாவது நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும் பிரிவு என்று ஒருவரிடமிருந்து செய்தி வரும். நல்ல புகைப்படம், பெரிய நிறுவனத்தின் பெயர், லோகோ எல்லாம் இருக்கும். இங்கே ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: லிங்க்ட்இன்னில் பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் ஒரு நிறுவனத்தின் பெயரைத் தன் வேலை இடமாக எழுதிக்கொள்ளலாம். எழுதும்போது பல நேரம் அந்த நிறுவனத்தை யாரும் கேட்பதில்லை. ஆகவே பெயரும் லோகோவும் எதற்கும் சான்று ஆகாது.

‘உங்கள் ப்ரொஃபைல் ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கிறது, வாட்ஸ்அப் எண் அனுப்புங்கள்’ என்பது அடுத்த செய்தி. இணையதளத்திலேயே பேசினால் யாராவது புகார் கொடுத்து அவன் கணக்கு முடங்கிவிடும் என்பதால்தான் வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ இழுக்கிறான். பிறகு இன்டர்வியூ. பத்து நிமிடம் போனில் பேச்சு, அல்லது டெலிகிராமில் டைப் அடித்துக் கேள்வி பதில். கேமரா பெரும்பாலும் இருக்காது. கேட்பதும் பெயர், ஊர், படிப்பு, எப்போது சேர முடியும் என்ற அளவில்தான். ஓரிரு நாளில் ஆஃபர் லெட்டர் வந்துவிடும். சீல், கையெழுத்து, ஆண்டுச் சம்பளம், சேரும் தேதி எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கும்.

அதன் பிறகுதான் பணம். முதலில் ஆயிரம், இரண்டாயிரம்: ‘டாக்குமென்ட் வெரிஃபிகேஷன்’. அடுத்து லேப்டாப் டெபாசிட். பிறகு பயிற்சிக் கட்டணம், மெடிக்கல், ஐடி கார்டு. ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாக வரும். ‘முதல் மாதச் சம்பளத்தோடு திருப்பித் தந்துவிடுவோம்’ என்ற வாக்குறுதி எல்லாவற்றிலும் உண்டு. ‘இன்று மாலை 5 மணிக்குள் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்’ என்ற அவசரமும் உண்டு. ஏற்கெனவே கட்டிய பணம் வீணாகக் கூடாதே என்றுதான் பலரும் இரண்டாவது, மூன்றாவது தடவை கட்டுகிறார்கள். அந்த மனநிலை மோசடி செய்பவனுக்குத் தெரியும். கடைசியில் சேரும் தேதி இரண்டு முறை தள்ளிப்போகும், அப்புறம் போன் சுவிட்ச் ஆஃப்.

பணம் போகும் யுபிஐ எண்ணைத் திறந்து பாருங்கள். நிறுவனத்தின் பெயர் இருக்காது, யாரோ ஒரு தனிநபரின் பெயர் வரும். இந்த ஓர் அடையாளத்தைப் பார்த்தே பாதி மோசடியைப் பிடித்துவிடலாம். ஆள் எடுப்பதற்கான செலவு நிறுவனத்தின் செலவு. பின்னணிச் சரிபார்ப்புக்கு அதுவே ஒரு ஏஜென்சியை வைத்துப் பணம் கொடுக்கும். லேப்டாப்பும் அதன் சொத்து. வேலைக்குச் சேருகிறவர் முன்பணம் கட்ட எந்தக் காரணமும் இல்லை.

நம் பக்கம் இது எளிதாக எடுபடுவதற்குக் காரணங்கள் உண்டு. டெல்டா 2020-இல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது. நிலத்தைக் காக்க அது வேண்டியதுதான், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பட்டம் வாங்கிய பிள்ளைக்கு உள்ளூரில் அலுவலக வேலை மிகக் குறைவு. தஞ்சாவூரில் ஐடி நிறுவனங்களுக்கான மினி டைடல் பூங்கா 2024-இல்தான் திறந்தது. பல கல்லூரிகளுக்குக் கேம்பஸ் இன்டர்வியூ பெயருக்குத்தான் வருகிறது. வேலை சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறது, நேரில் போய்ப் பார்க்க வழியில்லை, உறவில் யாரும் அந்த மாதிரிக் கம்பெனியில் இல்லை. எனவே செய்தி வந்தவுடன் நம்பத் தோன்றுகிறது. தை, மாசியில் சம்பா நெல் விற்ற பணம் வீட்டில் இருக்கும் நேரத்தில் இன்னும் கூடுதலாகக் கவனம் வேண்டும்.

அப்படியானால் இந்தத் தளங்களால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் பலரும் நினைக்கிற வழியில் இல்லை. 1973-இல் மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் ஒன்றைச் சொன்னார்: வேலைத் தகவல் நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறைப் பழக்கம் உள்ளவர்கள் வழியாகவே அதிகம் வருகிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் முன்பே தெரிந்திருக்கும் அல்லவா? லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து ஐந்தாண்டு நடந்த சோதனையின் முடிவு 2022-இல் சயின்ஸ் இதழில் வந்தது. அதுவும் ஏறக்குறைய இதையே காட்டியது: ஓரளவு மட்டுமே பழக்கம் உள்ள தொடர்புகள்தான் வேலை மாற அதிகம் உதவின. எச்ஆர் என்று வரும் அந்நியர் அந்த வகையில் சேரமாட்டார். உங்கள் கல்லூரியில் நான்கு வருடம் முன்னால் படித்து இப்போது வேலையில் இருக்கும் சீனியர்தான் அந்தத் தொடர்பு.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். உங்கள் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தால் ‘அலும்னி’ (முன்னாள் மாணவர்கள்) என்று ஒரு பகுதி இருக்கும். யார் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் என்று பிரித்துக் காட்டும். உங்கள் துறை, நீங்கள் போக நினைக்கும் ஊர் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். இணைப்பு கேட்கும்போது ஒரு குறிப்பும் சேருங்கள். அதில் இடம் கொஞ்சம்தான், இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில குறிப்புகளே அனுப்ப முடியும், ஆகவே ஆள் பார்த்து அனுப்ப வேண்டும். ‘வேலை வாங்கிக் கொடுங்கள்’ என்று தொடங்கினால் பதில் வராது. ‘அண்ணா வணக்கம், நம் கல்லூரியில் இந்த வருடம் மெக்கானிக்கல் முடித்தேன். நீங்கள் குவாலிட்டியில் இருப்பதைப் பார்த்தேன். அந்த வேலைக்கு முதலில் எதைக் கற்க வேண்டும் என்று சொல்ல முடியுமா?’ என்றால் பதில் வர வாய்ப்பு உண்டு. பேச்சு வளர்ந்து, அவர் நிறுவனத்தில் இடம் காலியானால் உள்ளிருந்து ரெஃபரல், அதாவது உங்கள் பெயரைப் பரிந்துரை செய்யச் சொல்லலாம். ‘ஈஸி அப்ளை’ பொத்தானை ஒரு நாளில் ஐம்பது இடத்தில் அழுத்துவதைவிட இந்த ஒரு ரெஃபரல் பலமானது. அந்தப் பொத்தான் எல்லோருக்கும் எளிது என்பதாலேயே ஒரு விளம்பரத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் குவிகிறது. பிரீமியம் கணக்கு எடுத்தால் வேலை வரும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பார்கள்.

ஐடி, அக்கவுன்ட்ஸ், விற்பனை, எச்ஆர் போன்ற துறைகளுக்குத்தான் இது சரி. ஐடிஐ முடித்த ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியனுக்கு லிங்க்ட்இன்னில் நேரம் செலவிடுவது வீண் என்பது எங்கள் உறுதியான கருத்து. அவர்களுக்கு அரசின் தொழிற்பழகுநர் பயிற்சி இணையதளம், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம், அது நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள், தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையம் ஆகியவை இருக்கின்றன. எதற்கும் கட்டணம் இல்லை.

வந்த செய்தி உண்மையா என்று பார்க்கும் முறை இது. மின்னஞ்சலில் ‘அட்’ குறிக்குப் பின்னால் வருவதைக் கடைசியிலிருந்து படியுங்கள். ‘டாட் காம்’ என்பதற்கு உடனடியாக முன்னால் இருக்கும் சொல் மட்டுமே உண்மையான முகவரி. நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் கோடு போட்டு ‘கேரியர்ஸ்’, ‘ஜாப்ஸ்’, ‘இந்தியா’ என்று ஒட்டியிருந்தால், யாரோ சில நூறு ரூபாய்க்கு வாங்கிய வேறு முகவரியாக இருக்கலாம். ஜிமெயிலில் ஆஃபர் லெட்டர் வந்தால் நூற்றுக்கு நூறு சந்தேகப்படுங்கள். அனுப்பியவரின் லிங்க்ட்இன் பக்கத்தில் ‘அபவுட் திஸ் ப்ரொஃபைல்’ என்பதை அழுத்தினால் கணக்கு எப்போது தொடங்கியது, புகைப்படம் எப்போது மாற்றியது என்று காட்டும். பத்து வருட அனுபவம் என்பவரின் கணக்கு போன மாதம் தொடங்கியிருந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். பெயர் தெரியாத கம்பெனி என்றால் லெட்டரில் 21 எழுத்து, எண் கொண்ட சிஐஎன் (கம்பெனியின் பதிவு எண்) இருக்கிறதா பாருங்கள். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதைப் போட்டால் கம்பெனி உயிரோடு இருக்கிறதா, பதிவு அலுவலகம் எங்கே என்று தெரியும். ஆனால் இதையும் தாண்டி ஒரு படி வேண்டும், ஏனென்றால் உண்மையான கம்பெனியின் எண்ணையே திருடிப் போடுகிறார்கள். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழைத்து, இந்தப் பெயரில் எச்ஆர் இருக்கிறாரா, இந்தக் கடிதம் உங்களுடையதா என்று கேளுங்கள். கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கு அழைத்தால் மோசடி செய்தவனே எடுப்பான்.

வெளிநாட்டு வேலை தனிக் கதை. மன்னார்குடி, கூத்தாநல்லூர், பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் பக்கம் இது கூடுதலாகத் தேவை. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயர் இருக்கிறதா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டும். ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து ஆள் பிடிக்கும் துணை ஏஜென்டுக்குப் பதிவு கிடையாது, அவர் ஆள் எடுப்பதே சட்டவிரோதம். சிங்கப்பூர் என்றால், வேலை கொடுப்பதற்காக முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்குவது அந்த நாட்டில் குற்றம். ஐபிஏ கடிதத்தை (வேலை அனுமதிக்கான முதல்நிலை ஒப்புதல்) அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் இணையதளத்தில் சரிபார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

‘தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி’, ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங், நல்ல சம்பளம், டூரிஸ்ட் விசாவில் வந்தால் போதும்’ என்று வந்தால் அங்கேயே நில்லுங்கள். இப்படிப் போன இந்திய இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிப் பகுதிக்கும் கம்போடியா, லாவோஸ் நாடுகளுக்கும் கடத்தப்பட்டு, அடைத்து வைக்கப்பட்டு, மற்றவர்களை ஆன்லைனில் ஏமாற்றும் வேலையைச் செய்ய வைக்கப்பட்டார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. மீட்கப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே வேலைக்குச் சேரச் சட்டம் இடம் தராது.

பணம் கேட்காமல் ஆவணம் மட்டும் கேட்டாலும் கவனம். ஆதார், பான், செல்ஃபி மூன்றும் ஒரே ஆளிடம் சிக்கினால் உங்கள் பெயரில் ஆன்லைன் கடன் எடுக்க முடியும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களில் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம், எடுத்துப் பாருங்கள். இன்னொரு வகையும் நடக்கிறது: ‘உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பினால் போதும், அதுதான் வேலை’ என்பார்கள். அது திருட்டுப் பணம். கணக்கு முடக்கப்படும், போலீஸ் விசாரணை உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

பணம் போய்விட்டதென்றால் முதல் வேலை சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைப்பது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. தேதி, தொகை, யுடிஆர் எண் (பணம் அனுப்பிய பரிவர்த்தனையின் எண்), பணம் போன யுபிஐ முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். பிறகு தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ எழுத்துப் புகார் கொடுங்கள். கோபத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் ஆதாரம். அந்த எண்ணை பிளாக் செய்வதற்கு முன்னால் ப்ரொஃபைல் பக்கம், ஆஃபர் லெட்டர், மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். லிங்க்ட்இன்னிலும் அந்தக் கணக்கைப் புகார் செய்யுங்கள். சில நாள் கழித்து ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு வரலாம். ஏமாந்தவர்களின் எண்களையே வைத்து நடக்கும் இரண்டாவது மோசடி அது. புகார் கொடுத்த காவல் நிலையத்துக்கு அந்த எண்ணையும் சொல்லுங்கள்.